வெள்ளிக்கிழமைக்கு ஒரு சிம்

மார்ச் ஒன்று, செவ்வாய்க்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிடம், நான்கு கோடு.

லோகு, நான்கு கோடு என்பது நம் சித்தூர் வீட்டு ஹாலில், டிவிக்குப் பக்கத்தில் நின்றால் என் போன் காட்டுகிற சிக்னல். சமையலறைக்குப் போனால் ஒரு கோடு குறையும். இந்த வீட்டில் இப்போது ஆறு போன் இருக்கிறது. சிக்னல் அளக்க ஆபீஸ் கொடுத்தது நான்கு, என் சொந்தப் போன் ஒன்று, நீ டிவி மேல் வைத்துவிட்டுப் போன உன் பழைய போன் ஒன்று. எதுவும் அடிக்கவில்லை. நாள், நேரம், கோடு எழுதித்தான் எந்த ரிப்போர்ட்டையும் ஆரம்பிப்பேன். எனக்குத் தெரிந்த எழுத்து அவ்வளவுதான். நேரில் வந்து சொல்லலாம். வந்தால் நீ பாதி பேசுவதற்குள் நான் குறுக்கே பேசுவேன், குரல் உயரும், உன் ஆபீஸ் வாசலில் வேன் டிரைவர்கள் எல்லோரும் வேடிக்கை பார்ப்பார்கள். என்னைப் பற்றி எனக்கே தெரியும். உன் புது நம்பரும் என்னிடம் இல்லை. அதனால் எழுதுகிறேன். ராமேஸ்வரம் ட்ரிப் முடிந்து வியாழக்கிழமை திருப்பதி வந்துவிடுவாய் என்று உன் மேனேஜர் சொன்னார். நீ இறங்கும்போது இது அங்கே இருக்கும்.

கவரை ஒட்டவில்லை, வேண்டுமென்றேதான். எந்தக் கம்பெனி சிம் வாங்கலாம் என்று என்னைக் கேட்காத டிரைவர் அந்த ஸ்டாண்டில் இல்லை. இதில் அவர்களுக்கும் பதில் இருக்கிறது, படிக்கட்டும். வீட்டு விஷயமும் இருக்கிறது. அதையும் படித்தால் படிக்கட்டும்.

முதலில் விஷயம். வரும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு உன் அம்மா குவைத்திலிருந்து உன் பழைய நம்பருக்குக் கூப்பிடுவாள். நீ எடுக்க வேண்டும். இன்னும் ரெண்டு வருஷம் அங்கேயே இருப்பதா, அடுத்த மாதம் கிளம்பி வருவதா என்று, வேலை செய்கிற வீட்டு மேடத்துக்கு அவள் பதில் சொல்லப்போவது அன்றைக்குத்தான். தான் வருவது உனக்குப் பிடிக்கவில்லை, அதனால்தான் நீ போனை எடுப்பதில்லை என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். அது தப்பு. அந்தத் தப்பை அவள் தலையில் ஏற்றியது நான். எப்படி என்று சொல்கிறேன்.

குடிபாலா பக்கத்தில் உங்கள் ஊர் ஏரிக்கரையில் டவர் போட நான் வந்தபோது உனக்குப் பதினான்கு வயது, எனக்கு இருபத்தாறு. டிப்ளமா முடித்த சூடு இன்னும் ஆறவில்லை. உன் அப்பா இறந்த பிறகு உன் அம்மா ரோட்டோரம் ஒரு கொட்டகை போட்டு சோறு போட்டுக்கொண்டிருந்தாள். எங்கள் ஆட்கள் எல்லோரும் அங்கேதான் சாப்பிட்டோம். நீ இலை போட்டுக்கொண்டே கேட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"சாரு, இது ஆந்திரா டவரா தமிழ்நாடு டவரா?"

"ஆந்திரா."

"அப்ப இதோட சிக்னலு எல்லைக்காண்ட போயி இன்னா பண்ணும்? நின்னுக்குமா?"

"போடா, போய் தண்ணி எடுத்துக்கினு வா."

உன் அம்மா குழம்புக் கரண்டியோடு திரும்பினாள். "தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க சாரு. புள்ளைய எதுக்கு வெரட்றீங்க?"

எங்கள் மேஸ்திரி சோற்றை விழுங்க முடியாமல் சிரித்தான். எனக்குக் கோபம். மறுநாள் வேறு இடத்தில் சாப்பிட வேண்டும் என்று நினைத்தேன். மறுநாளும் அங்கேதான் போனேன். ஒரு வருஷம் கழித்து உன் அம்மாவைக் கல்யாணம் செய்துகொண்டேன். கார்வேட்டிநகரத்தில் என் வீட்டார் அன்றைக்குப் பேச்சை நிறுத்தினார்கள். நம் மூன்று பேரையும் சேர்த்துப் பார்த்தால் செக்போஸ்டில் போலீஸ்காரனே கேட்கிறான், தம்பியா என்று. மகன் என்றால் சிரிக்கிறான். நீ அன்றைக்கு 'சாரு' என்று கூப்பிட்டாய், இன்றைக்கும் அதுதான். மாற்றச் சொல்லவில்லை. எனக்கு அது பழகிவிட்டது.

உனக்குச் சொந்தமாக ஒரு வேன் வாங்க வேண்டும் என்று உன் அம்மா குவைத்துக்குப் போனாள். நான் வேண்டாம் என்றேன். "டவர் மேல ஏறற மனுசன், வேன் வாங்கறதுக்கு பயந்துக்கினு கீறாரே" என்று ஏர்போர்ட் பஸ்ஸில் ஏறும்வரை என்னைக் கிண்டல் செய்தாள். அங்கே அவள் போன் மேடத்தின் அலமாரியில் இருக்கும். வெள்ளிக்கிழமை மட்டும்தான் கைக்கு வரும். காசு கட்டி வாங்குகிற போன் கார்டு ஒன்று போட்டால் கொஞ்ச நேரம்தான். முதலில் எனக்கு, மிச்சம் உனக்கு என்பது அவள் முறை. நான் எடுக்காவிட்டால் உடனே உனக்குப் போடுவாள். எனக்கு வந்துகொண்டிருந்தது. உனக்கு மட்டும் போகவில்லை. "தொடர்பு எல்லைக்கு அப்பால்" என்று ஒரு பெண் சொல்கிறாளாம், அதுவும் தெலுங்கில். ஒரு வாரம், ரெண்டு வாரம் என்றால் சரி. நீ வேன் ஓட்ட ஆரம்பித்ததிலிருந்து எல்லா வெள்ளிக்கிழமையும் அதே கதை.

"மத்த நாளெல்லாம் பேசற போனு வெள்ளிக்கிழமன்னா மட்டும் செத்துப்பூடுதா? என் மேல கோவமா கீறானா அவன்?" என்று என்னைக் கேட்டாள். உன்னைக் கேட்டேன். வெள்ளிக்கிழமை காஞ்சிபுரம், வேலூர் சுற்று, அந்தப் பக்கம் சிக்னலே இருக்காது என்றாய். எனக்குச் சுருக்கென்றது. சிக்னல் இருக்கிறதா இல்லையா என்று சொல்வது என் தொழில். அதில் நீ எனக்குப் பாடம் எடுக்கிறாயா என்று தோன்றியது.

ஒரு வெள்ளிக்கிழமை லீவு போட்டேன். நாலு கம்பெனி சிம்மை நாலு டெஸ்ட் போனில் போட்டு, அடையாளத்துக்கு முதுகில் சிவப்பு, பச்சை, மஞ்சள், வெள்ளை என்று டேப் ஒட்டினேன். திருப்பதி, புத்தூர், நகரி, காஞ்சிபுரம், வேலூர், சித்தூர், பாகாலா, மறுபடி திருப்பதி. நீ வேன் ஓட்டுகிற அதே சுற்றை லைன் பஸ்ஸில் மாறி மாறிப் போனேன். மடியில் லேப்டாப், ஜன்னலோரம் நாலு போன். பக்கத்து சீட்டுக்காரர் "ரிப்பேர் பார்க்கறீங்களா தம்பி?" என்று தன் போனையும் நீட்டினார்.

இனி டிரைவர்கள் கவனிக்கட்டும். கம்பெனிப் பெயரை எழுதினால் என் வேலை போய்விடும். எந்த டேப் எந்தக் கம்பெனி என்று மேனேஜர் காதில் சொல்லிவிடுகிறேன். சிவப்பு, ஊருக்குள் ஐந்து கோடு. நகரி மலையைத் தாண்டும் இடத்தில் பூஜ்யம். விளம்பரப் பலகை இருக்கிற இடத்தில் எல்லாம் சிக்னலும் இருக்கிறது, பலகை முடிந்தால் சிக்னலும் முடிந்தது. மஞ்சள், கோடு முழுசாகக் காட்டும், கூட்டம் உள்ள கோயில் வாசலில் அழைப்பு மட்டும் போகாது. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினால் டவருக்கு மூச்சு முட்டும். கோடு என்பது டவர் தெரிகிறது என்பதற்குத்தான், அதில் உனக்கு இடம் இருக்கிறது என்பதற்கு இல்லை. வெள்ளை, சித்தூரிலிருந்து பாகாலா வரை பாறைக்கு நடுவில் ரோடு இறங்கும் இடமெல்லாம் அறுந்தது. பச்சை, எங்கேயும் மூன்று கோட்டுக்கு மேல் காட்டவில்லை. எங்கேயும் அறுபடவும் இல்லை. பழைய கம்பெனி, பழைய அலைவரிசை. அந்த அலை நீளமானது, மேடு பள்ளம் தாண்டி வளைந்து வரும். புதுக் கம்பெனிகளுக்குக் கிடைத்தது குட்டை அலை, ஊருக்குள் ஓடும், மலைக்குப் பின்னால் வராது.

ஊர் ஊராகச் சுற்றுகிறவன் சிம் வாங்கும்போது எங்கே சிக்னல் நன்றாக இருக்கிறது என்று கேட்கக் கூடாது. எங்கே மோசம் என்று கேட்க வேண்டும். தன் வழியில் மிக மோசமான இடத்தில் எது பேசுகிறதோ அதுதான் அவன் கம்பெனி. கடைக்காரனைக் கேட்காதே, அவனுக்கு எதில் கமிஷன் அதிகமோ அதைத்தான் சொல்வான். அதே ரோட்டில் தினம் ஓடுகிற லாரி டிரைவரைக் கேள். நின்ற இடத்தில் சோதிக்காதே. வண்டி ஓடும்போது, பக்கத்தில் இருப்பவன் கையில் கொடுத்து, ஒரு டவரிலிருந்து அடுத்த டவருக்குப் பேச்சு அறுபடாமல் மாறுகிறதா என்று பார். ஸ்டேட் தாண்டினால் அந்தக் கம்பெனிக்கு அங்கே சொந்த டவர் இருக்கிறதா, இன்னொருவனிடம் ஒண்டுகிறதா என்று கேள். ஒண்டுகிறவனுக்குக் கடைசி இடம்தான் கிடைக்கும். இவ்வளவுதான் விஷயம். இதற்கு மேல் சொல்கிறவன் உனக்கு எதையோ விற்கிறான்.

இதெல்லாம் சரியாகச் சொன்னேன். உன் விஷயத்தில்தான் தப்பாகச் சொன்னேன். உன் பழைய சிம் வெள்ளை டேப் கம்பெனி. பாகாலா பக்கம் மோசம், ஆனால் காஞ்சிபுரத்திலும் வேலூரிலும் அதற்குச் சிக்னல் கொட்டிக் கிடந்தது. நாலு மணிக்கு நீங்கள் வண்டியை நிறுத்தி டீ குடிக்கிற வேலூர் பைபாஸ் கடையில் மைனஸ் அறுபத்தெட்டு. மைனஸ் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. அறுபத்தெட்டு என்றால் டவர் தலைக்கு மேல் நிற்கிறது என்று அர்த்தம். அந்த ஞாயிற்றுக்கிழமை நீ வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றவில்லை, லேப்டாப்பை உன் முன்னால் திருப்பினேன்.

"இது இன்னா இடம் சொல்லு."

"டீக்கடைங்க சாரு."

"மைனஸ் அறுபத்தெட்டு. இங்க சிக்னல் இல்லன்னு சொன்ன."

"என் போன்ல இல்ல சாரு. நெஜமா."

"உன் போனு தனியா வேற ஒலகத்துல கீதா? அம்மாகிட்ட பேச இஷ்டம் இல்லன்னா நேரா சொல்லு. சிக்னல் மேல பழி போடாத."

நீ என்னைப் பார்த்தாய். பாக்கெட்டிலிருந்து போனை எடுத்து டிவி மேல் வைத்தாய். "இந்தாங்க சாரு, நீங்களே இத வெச்சிக்கினு அளந்துக்கினு இருங்க" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போனாய். துன்னியா என்றுகூட நான் கேட்கவில்லை. அன்றைக்கு சோறு ரெண்டு பேருக்கு வடித்திருந்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை உன் அம்மா கேட்டாள். நான் ரிப்போர்ட் படிக்கிற மாதிரி பதில் சொன்னேன். "சிக்னல் நல்லாத்தான் கீது. அவன்தான் எடுக்கல." கார்டில் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு சொன்னாள்: "அப்ப ரெண்டு வருஷம் போட்டுட்றேங்க. மேடம் மார்ச் மொத வெள்ளிக்கெழம பதில் கேக்கறாங்க. வூட்டுக்கு வந்து நான் இன்னா பண்ணப்போறேன்." யோசித்துச் சொல் என்றேன். அதற்குள் அறுந்துவிட்டது.

மறுநாள் எனக்கு எல்லைக்கு அந்தப் பக்கம், காட்பாடி ரோட்டில் வேலை. உன் நம்பரைப் பச்சைக்கு மாற்றிவிடலாம், இனி உனக்குச் சாக்கே இருக்கக் கூடாது என்று உன் பழைய போனைப் பையில் போட்டுக்கொண்டு போயிருந்தேன். நம்பர் அப்படியே இருக்க, கம்பெனியை மட்டும் மாற்றிக்கொள்ளும் வசதி இப்போதுதான் வந்திருக்கிறது. சிம் என் பேரில் வாங்கினதுதான், சிக்கல் இல்லை. முதலில் ஒரு எஸ்எம்எஸ் அனுப்ப வேண்டும். போனை எடுத்தால் ஒரு கோடுகூட இல்லை. பக்கத்தில் என் வெள்ளை டேப் போன், அதே கம்பெனி சிம், ஐந்து கோடு. பேட்டரியைக் கழற்றிப் போட்டேன். தட்டினேன். செட்டிங்கைத் திறந்தேன். நெட்வொர்க்கைத் தேடுவது 'மானுவல்' என்று இருந்தது. ஆந்திரா டவர் ஒன்றைத் தவிர வேறு எதையும் பிடிக்காதே என்று அந்தப் போனுக்குச் சொல்லி வைத்திருந்தது. தலைக்கு மேலேயே டவர் நின்றாலும், அது தமிழ்நாடு டவர் என்றால் அந்தப் போன் திரும்பியும் பார்க்காது.

ரோட்டோரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். உங்கள் ஊர் செல் கடை ஞாபகம் வந்தது. குடிபாலா சுற்றுவட்டாரத்தில் புதுப் போன் வாங்கினால் முதல் வேலை 'டவர் பூட்டறது'. வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கும்போதே போன் தமிழ்நாடு டவருக்குத் தாவிவிடும், வருகிற அழைப்புக்கும் ரோமிங் காசு போய்விடும். அதனால் வாசலில் கோலம் போடுகிற மாதிரி எல்லோரும் அதைச் செய்வீர்கள். குவைத் போவதற்கு முந்தின வாரம் உன் அம்மா உன் போனைக் கடையில் நீட்டினாள். "அண்ணா, புள்ள போனு. நல்லா பூட்டிக் குடு, காசு போவக்கூடாது." நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். அன்றைக்கு நீ வேன் ஓட்டவில்லை. நாம் சித்தூருக்குக் குடி வந்த பிறகு இங்கே எந்தப் போனும் தாவவில்லை, பூட்டும் மறந்துபோனது. என் டெஸ்ட் போன்கள் எல்லாம் பூட்டு இல்லாதவை. நான் அளந்தது ரோட்டை. உன் போனை ஒரு தடவை கையில் வாங்கிப் பார்த்திருந்தால் போதும்.

எல்லையில் சிக்னல் நின்றுகொள்ளுமா என்று கேட்டாயே. நிற்காது லோகு. போன்தான் நின்றுகொள்ளும். அதற்கு நாம் அப்படிச் சொல்லியிருந்தால்.

இதை அவளிடம் சொல்லிவிடலாம் என்று போன வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்கே உட்கார்ந்தேன். அவள் கூப்பிடவில்லை. மேடம் வீட்டில் விருந்தாளியோ, போன் கைக்கு வரவில்லையோ, கோபமோ. நான் அடித்தால் போன் அலமாரிக்குள் அடித்து அவளுக்குத்தான் திட்டு விழும். எஸ்எம்எஸ் இங்கிலீஷில்தான் போகும், அவளால் படிக்க முடியாது. என் வேலை எப்படி என்று உனக்குத் தெரியும். டெஸ்ட் போன்களை ஆன் செய்தால் ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை ஒன்று இன்னொன்றைக் கூப்பிடும். அது தானாக எடுக்கும், தானாக வைத்துவிடும், மறுபடி கூப்பிடும். அன்றைக்கு வேலை எதுவும் இல்லாமலே அவற்றை ஹாலில் ஆன் செய்து வைத்துக்கொண்டு சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தேன். வீட்டில் ஏதாவது அடிக்கட்டுமே என்றுதான்.

கவருக்குள் ஒரு சிம் இருக்கிறது. பச்சைக் கம்பெனி, உன் பழைய நம்பர். நேற்றிலிருந்து வேலை செய்கிறது. அந்த நம்பர்தான் உன் அம்மாவுக்கு மனப்பாடம். அடியில் கம்பெனி மாறியது அவளுக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. உன் புதுப் போனில் ரெண்டாவது இடத்தில் இதைப் போடு. செட்டிங்கில் 'ஆட்டோமேட்டிக்' என்று இருக்கிறதா என்று உன் கண்ணால் பார், கடைக்காரனை நம்பாதே. ரோமிங்குக்குக் காசு போகும், போகட்டும். ரீசார்ஜ் செய்திருக்கிறேன். நாலு மணிக்கு வேலூர் பைபாஸ் டீக்கடையில் வண்டியை நிறுத்து. வண்டிக்குள் உட்கார்ந்து பேசாதே, தகடு சிக்னலைக் குடித்துவிடும். வெளியே வந்து புளியமரத்தைத் தாண்டி நில். யாத்திரைக்காரர்கள் அவசரப்படுத்தினால் ரேடியேட்டர் சூடாகிவிட்டது என்று சொல்.

அவள் கேட்பாள், இத்தனை நாள் ஏன் எடுக்கவில்லை என்று. போன் பழுது என்று சொல். அவள் பூட்டச் சொன்னதுதான் காரணம் என்று மட்டும் சொல்லாதே. பொய் சொல்லச் சொல்வது நான்தான், எழுதி வைத்துக்கொள். உள்ளதை உள்ளபடி சொன்னால் போதும் என்று நினைத்துத்தான் அவளிடம் மைனஸ் அறுபத்தெட்டைச் சொன்னேன். என்ன ஆனது என்று பார்த்தாய். வா என்று சொல்வதும், இன்னும் ரெண்டு வருஷம் இரு என்று சொல்வதும் உன் இஷ்டம். வேன் உனக்கு வேண்டும் என்றால் அதையும் சொல். எனக்கு அவள் வர வேண்டும். ஆனால் நான் சொல்லி வருகிறவள் இல்லை, உன் குரலில் எதைக் கேட்கிறாளோ அதை வைத்துத்தான் முடிவு செய்வாள். அதனால் நீ எடுக்க வேண்டும். என்னிடம் பேச வேண்டும் என்றோ, வீட்டுக்கு வர வேண்டும் என்றோ இதில் எங்கேயும் எழுதவில்லை, கவனித்திருப்பாய். அது வேறு. அதற்கு அவசரம் இல்லை.

இனி நான் செய்யப்போவது:

1. புதன்கிழமை காலை முதல் பஸ்ஸில் திருப்பதி வந்து இந்தக் கவரை மேனேஜர் கையில் கொடுப்பேன். டேப் விவரத்தைச் சொல்வேன். நீ வரும்வரை நிற்க மாட்டேன்.

2. வியாழக்கிழமை சாயங்காலம் உன் பழைய நம்பருக்கு ஒரே ஒரு ரிங் விட்டு வைத்துவிடுவேன். அடித்தால் சிம்மைப் போட்டுவிட்டாய் என்று தெரிந்துகொள்வேன். நீ எடுக்க வேண்டியதில்லை.

3. உன் பழைய போனின் பூட்டைத் திறக்காமல் டிவி மேலேயே வைத்திருப்பேன்.

4. வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு அதன் பக்கத்தில், நான்கு கோட்டில், என் போனோடு நிற்பேன். அவள் வழக்கம்போல முதலில் எனக்குத்தான் போடுவாள்.

5. எடுக்க மாட்டேன். கார்டில் இருக்கிற நேரம் முழுக்க உனக்கு.